ஐந்தரை மணி நேரம் பின்னால்

மே 9

காலை 7.20. காபி குடித்துக்கொண்டிருந்தபோது கோகிலா மெல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, நம்ம கம்ப்யூட்டர்ல இன்னொன்னும் போட்டுக்கட்டுங்களா?"

"இன்னொன்னுன்னா?"

"லினக்ஸ்ங்க மாமா. உங்க விண்டோஸ் அப்படியே இருக்கும். பக்கத்துல இதுவும் இருக்கும். ஆன் பண்றப்ப எது வேணும்னு அதுவே கேக்கும்."

"ஒரு ஊட்டுக்கு எதுக்கு அம்முணி ரெண்டு சமையக்கட்டு?"

சிரித்தாள். ஆனால் விடவில்லை. என் மருமகள் எம்.எஸ்சி. பிசிக்ஸ். பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு மழை வருமா வராதா என்று சொல்லும் வித்தையைத் தானாகவே படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் புரோகிராம் லினக்ஸில்தான் ஓடுமாம். என் ஜாதக சாப்ட்வேரோ விண்டோஸில்தான் ஓடும். நான் ரிட்டயர் ஆனபோது, கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் பூபதி வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இது. அதில் என் கையால் ஏற்றிய ஜாதகங்கள் 412 இருக்கின்றன. காசு வாங்காமல் பார்ப்பவன் என்பதால் ஈரோட்டில் பாதி பேருடைய கட்டம் என்னிடம்தான். என் மனைவி தெய்வானையின் ஜாதகமும் அதில் இருக்கிறது. அவள் போய் மூன்று வருடமாகியும் அதை அழிக்க மனம் வரவில்லை.

"ஒரு ஜாதகம் போச்சுன்னாலும் உன்னையச் சும்மா உட மாட்டேன்" என்றேன். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் மிரட்டல் செல்லுபடியாவதில்லை.

மே 10

காலை 9.00. பாகப்பிரிவினை தொடக்கம். முதலில் 412 ஜாதகங்களையும் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுக்க வைத்தேன். ஒன்று பூஜை அறையில், ஒன்று என் சட்டைப் பையில்.

"ஐந்நூறு ஜிபி இருக்குதுங்க மாமா. எனக்கு எத்தன குடுக்கறீங்க?"

"நூறு."

"இருநூறு குடுங்க மாமா. மழைக்கு எடம் எச்சா வேணும்."

நூற்றைம்பதில் முடிந்தது.

11.35. விண்டோஸைச் சுருக்கி அவளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. நல்லவேளை, இன்வர்ட்டர் பிடித்துக்கொண்டது. "நடுவுல ஆஃப் ஆச்சுன்னா ரெண்டு பேர்த்துதும் போயிருமுங்க மாமா" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய் ஃபேன், லைட், டிவி, வாசல் பல்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். இன்வர்ட்டரில் உள்ள மிச்சமெல்லாம் கம்ப்யூட்டருக்கே. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இருவரும் வேர்த்து வழிந்தபடி திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தித்தாளை மடித்து விசிறினேன். அவளுக்கு என்று நினைத்துவிடக் கூடாதே என்று, "சூடாயிரப் போகுது, கம்ப்யூட்டருக்கு வீசறேன்" என்று சொன்னேன்.

12.50. முடிந்தது. ஜாதகங்களை எண்ணிப் பார்த்தேன். 412.

மே 11

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வருகிறது. பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவளுடைய லினக்ஸ் வீட்டுக்குள் போய் நின்றுவிட்டேன்.

மே 12

கோகிலா என் வரியை மேலே ஏற்றி, நேரத்தையும் முப்பது விநாடியாக்கினாள். இனி நான் சும்மா இருந்தாலே விண்டோஸ் திறக்கும்.

மே 14

காலை 8.40. கம்ப்யூட்டரில் மணி 3.10!

முப்பத்தேழு வருடம் ரயில்வேயில், அதில் இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். என் வீட்டில் ஒரு கடிகாரம் தப்பாக ஓடுவதா? கோகிலாவைக் கூப்பிட்டேன்.

"அது ரிப்பேர் இல்லீங்க மாமா. ரெண்டுமே சரிதான். உள்ள இருக்கற கடியாரத்துல விண்டோஸ் நம்ம ஊரு நேரத்த எழுதி வைக்கும். லினக்ஸ் கிரீன்விச் நேரத்த எழுதி வெச்சு, காட்டறப்ப அஞ்சரை மணிய கூட்டிக் காட்டும். நான் காலைல லினக்ஸ்ல ஒக்காந்து எந்திரிச்சா, அது எழுதிட்டுப் போனத உங்க விண்டோஸ் படிச்சு ஏமாந்துக்குது. ஒரு வரி அடிச்சாச் சரியாயிரும், அடிச்சு உட்டரட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். தினமும் நானே சரிசெய்துகொள்கிறேன் என்றேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. ஸ்டேஷனில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து போனில் நேரம் சொல்வார்கள். "டைம் பதினாறு மணி" என்று ஒரு குரல் கேட்கும். ஒரே நொடியில் லைனில் உள்ள எல்லா ஸ்டேஷன்களிலும் மாஸ்டர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள். எத்தனையோ ஸ்டேஷனில் நான் ஒற்றை ஆளாக இருந்திருக்கிறேன். அந்த ஒரு நொடி மட்டும் தனியாக இருப்பதாகத் தோன்றாது. இதை அவளிடம் சொன்னேன்.

"அப்பத் திருத்த ஒரு கடியாரம் வேணும்ங்கறீங்க" என்றாள்.

"ஆமா. வேற என்ன சோலி எனக்கு?"

மே 19

காலை 6.15. நேற்று அவள் மழை என்றாள். பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் இல்லை என்றேன். பெய்ததா என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. மாடியில் காயப்போட்ட என் வேட்டிகள் மறுபடி துவைக்கப்பட்டன.

மே 23

கடிகாரம் ஐந்தரை மணி பின்னால். திருத்தினேன்.

இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. கடிகாரம் பின்னால் போயிருந்தால், நான் நடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று அர்த்தம். பத்து நாளில் ஒரு நாள்கூடக் கடிகாரம் சரியாக இருக்கவில்லை. நல்ல பிள்ளை.

மே 28

காலை 11.10. கோகிலாவுக்குப் புனேயில் இடம் கிடைத்துவிட்டது. மழைக் கணிப்பில் ஆறு மாதப் பயிற்சி. நாட்டிலிருந்து மொத்தமே பன்னிரண்டு பேர். முடித்தால் அங்கேயே வேலைகூட உண்டாம். ஜூன் 3 மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவள் மெயிலைப் படித்துக் காட்டியபோது குரல் நடுங்கியது. பூபதியைக் கட்டிக்கொண்டு வந்த ஐந்து வருடத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. மிக்க மகிழ்ச்சி.

பூபதி கப்பலிலிருந்து பேசினான். அவன் கரைக்கு வர இன்னும் ஐந்து மாதம். "நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா, எனக்கு ஓகே" என்றான். பெருந்துறையிலிருந்து அவள் அம்மாவும் கூப்பிட்டார். "சம்பந்தி ஒருக்கா கட்டம் போட்டுப் பாத்துச் சொல்லட்டும். அவுரு போலாம்னா எனக்கு ஒரு மறுப்பும் இல்ல." ஆகப் பந்து என் பக்கம் வந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று கோகிலாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தோசைக்கு உளுந்து எத்தனை, அரிசி எத்தனை என்பதும். சும்மா, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே.

மே 29

ராகு காலம், எமகண்டம் என்று பிரசன்னம் பார்க்கத் தோதான நேரம் அமையவில்லை.

மே 30

இன்றும் அமையவில்லை. மத்தியானம் நானே ரசம் வைத்தேன். கோகிலா இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள். அவள் போன பிறகு நான் அதை ஊற்றிப் பார்த்தேன். அவள் எத்தனை நல்ல பெண் என்று புரிந்தது.

தெய்வானை போனபோது, பூபதி கப்பலுக்குத் திரும்பிய பிறகு, கோகிலா தாய் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஜூன் 1

காலை 10.42. "மாமா, இன்னைக்குப் பாத்தர்லாங்களா?" என்று கோகிலா வந்து நின்றாள். பிரசன்னம் என்றால் கேள்வி கேட்ட நேரத்துக்கே கட்டம் போட்டுப் பலன் சொல்வது. சாப்ட்வேரில் 'இப்போது' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டம் போட்டுவிடும். அழுத்தினேன்.

ரிஷப லக்னம் வந்தது. பயணக் கேள்விக்கு ரிஷபம் போன்ற ஸ்திர ராசி உதித்தால், இருந்த இடத்திலேயே இருப்பது உத்தமம். கடகம் போன்ற சர ராசி என்றால் போகலாம். இது சாஸ்திரம், நான் சொல்வதல்ல.

"இப்பத்திக்குப் போறது செரியாப் படல அம்முணி. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றேன்.

கட்டத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரிங்க மாமா" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள். அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. எனக்கு டீ வந்தது, சர்க்கரை அளவாக இருந்தது.

அவசரத்தில் இன்று கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 2

காலை 8.40. கடிகாரம் சரியாக இருந்தது.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம், எனக்குப் பிடித்த மாதிரி நிறையப் பூண்டு போட்டு. பாதியில் கை கழுவினேன்.

"ஏனுங்க மாமா, உப்புக் கம்மிங்களா?"

"இல்ல அம்முணி. நல்லா இருக்குது."

பக்கத்து வீட்டு அம்மா இரண்டாம் மகனின் ஜாதகத்தோடு வந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 3

காலை 8.40. இன்றும் கடிகாரம் சரியாக இருக்கிறது. திருத்த ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

9.30. எழுதிவிடுகிறேன். பார்த்தேன். ஜூன் 1 அன்று திரையின் வலது மூலையில் 5.12 என்று இருந்ததைப் பார்த்தேன். என் கையில் 10.42. வைகாசி மாதம் காலை பத்தரைக்குக் கடகம் உதிக்கும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஐந்தரை மணி பின்னால் போனால் ரிஷபம் என்பதும் தெரியும். தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன். அவள் எழுந்து போன பிறகு கடிகாரத்தைத் திருத்தியும் வைத்தேன். முப்பத்தேழு வருடத்தில் ரயில் வந்த நேரத்தை ஒரு நிமிடம்கூட மாற்றி எழுதியதில்லை. மேலதிகாரி கேட்டும் எழுதியதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு எழுதினேன்.

எனக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயம். அவ்வளவுதான். வேறு சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

சாப்ட்வேரில் அதே நாளுக்கு 10.42 என்று கையால் போட்டேன். கடக லக்னம். சர ராசி. பயணம் உண்டு.

10.05. சமையலறைக்குப் போனேன். கோகிலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினேன்.

"அம்முணி, அன்னைக்குப் போட்ட கட்டம் தப்பு. கடியாரம் தப்பா இருந்துது."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தெரியுமுங்க மாமா. பிரிண்ட்லயே காலைல அஞ்சு பன்னெண்டுன்னு இருந்துச்சு. அந்நேரத்துக்கு நீங்க நடைக்குப் போயிருப்பீங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க கடியாரத்தப் பாக்காம ஒக்கார மாட்டீங்களே மாமா."

அவள் காம்புகளைத் தனியாகக் கூட்டி ஒதுக்கினாள்.

"நான் இருக்கோணும்னு இருந்தா, இருன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க? இருந்திருப்பனே. அதுக்கெதுக்கு ரிஷப லக்னம்?"

"சொன்னா நீ இருந்துருவேன்னுதான் சொல்லல."

சொன்ன பிறகுதான் அது எத்தனை அசட்டுத்தனம் என்று எனக்கே உறைத்தது. அவள் இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எனக்கு நீ இங்கயே இருக்கோணும்னுதான் இருக்குது அம்முணி. ஆனாப் போ. கட்டம் சொல்லுதுன்னு இல்ல. நாஞ்சொல்றேன், போ."

"கட்டம் என்ன சொல்லுதுங்க மாமா?"

"அதும் போன்னுதான் சொல்லுது. சும்மா ஒத்தாசைக்கு வெச்சுக்க."

10.40. அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. கீழ் வரியை நானே அழுத்தினேன். அவள் பக்கத்திலிருந்துதான் அந்த மெயில் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாற்காலி போட்டு அருகில் உட்கார்ந்துகொண்டேன். 10.58க்கு அனுப்பினாள். சம்பந்திக்கு நானே போன் செய்து, முதலில் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் சிரித்தார்.

ஜூன் 4

கடிகாரம் ஐந்தரை மணி பின்னால். சந்தோஷமாகத் திருத்தினேன்.

ஜூன் 17

தோசை மாவு: அரிசி நாலு, உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன். சிலிண்டர் மாற்றுவதில் மூன்றாம் முறை தேறினேன். ரசம் இன்னும் தேறவில்லை.

ஜூன் 29

மாலை 5.30. பெட்டி கட்டியாயிற்று. பயிற்சிக்காகப் புது லேப்டாப் அங்கேயே கொடுப்பார்களாம். கோகிலா கேட்டாள்.

"மாமா, நான் போட்டத எடுத்தரட்டுங்களா? அந்த நூத்தம்பதும் உங்க பக்கம் சேந்துரும். ஆன் பண்றப்ப அந்தக் கறுப்புத் தெரையும் வராது."

"இருந்துட்டுப் போகட்டும். வர்றப்ப ஒனக்கு எடம் வேண்டாமா?"

"அப்ப அந்தக் கடியாரத்தையாவது சரி பண்ணிட்டுப் போறனுங்க. ஒரு வரிதான்."

"அதத் தொட்டீன்னா தெரியும் சேதி" என்றேன்.

ஜூன் 30

ஈரோடு ஜங்ஷன். வண்டி வருகை 14.10, புறப்பாடு 14.20. சரியான நேரம். கோகிலா பிளாட்பாரத்திலேயே காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் பச்சைக்கொடி காட்டுவதுபோல் கைக்குட்டையை ஆட்டினேன். கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை நின்று பார்ப்பது ஸ்டேஷன் மாஸ்டரின் கடமை. இன்றும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளருக்கு டீ போட்டேன். அளவு தெரியாமல் இரண்டு டம்ளர் வந்தது.

ஜூலை 1

கடிகாரம் சரியாக இருக்கிறது.

ஜூலை 2

கடிகாரம் சரியாக இருக்கிறது. புனேயில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். நல்ல மழையாம்.

ஜூலை 3

சரியாக இருக்கிறது. சனியன், இந்தக் கடிகாரத்துக்கு என்ன கேடு.

ஜூலை 4

காலை 8.40. ஆன் செய்தேன். இரண்டு வரி வந்தது. முப்பது விநாடி சும்மா இருந்தால் என் பக்கம் திறந்துவிடும். இருக்கவில்லை. கீழ் வரியை அழுத்தினேன்.

அவள் பக்கம் திறந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. திரை முழுக்க அவள் வைத்திருந்த மேகப்படம். 'மாமாவுக்கு' என்று ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன். என் 412 ஜாதகங்களின் காப்பி ஒன்றும், ரசத்துக்கு ஒரு செய்முறையும். புளி எலுமிச்சை அளவு, கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். கொதிக்க விட்டதுதான் இத்தனை நாள் என் தப்பு. தாளில் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.

பிறகு என் பக்கம் வந்தேன். கடிகாரம் ஐந்தரை மணி பின்னால். திருத்தவில்லை, அப்படியே விட்டுவைத்தேன்.

மாலை. போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் மழைச் சத்தம்.

"கண்ட்ரோல் பேசறனுங்க. டைம் பதினாறு மணி."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நொடி தப்பவில்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர், அங்க கடியாரம் சரியா இருக்குதுங்களா?"

"இல்ல கண்ட்ரோல்" என்றேன். "அஞ்சரை மணி பின்னால போகுது."

மழை மட்டும் கேட்டது. பிறகு குரல் மெல்ல வந்தது.

"எம் பக்கத்த யாரு மாமா தொறந்தது?"

"நாந்தான் அம்முணி. நேரஞ்சொல்லு, திருத்திக்கறேன்."

16.01க்குக் கடிகாரம் திருத்தப்பட்டது. நாளை காலை மறுபடி அவள் பக்கம் திறக்க வேண்டும்.